மணப்பட்டு அம்மா வாங்கித் தந்த நல்ல பெயர்

நான் நர்சிங் டிப்ளமோ முடித்தவள். வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. "மொதல்ல உள்ள நுழைஞ்சிடு, அப்புறம் ஸ்டாஃப் நர்ஸா மாத்திக்குவாங்க" என்றார் அப்பா. நுழைந்தேன். பெட்பேன் வைப்பதும் உடம்பு துடைப்பதும்தான் வேலை. ஊசியைத் தொடக்கூடாது.

ஒருவழியாக ஒரு நர்ஸ் இடம் காலியானது. உனக்குத்தான் என்றார் நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் மேடம். அந்த நேரத்தில் இடுப்பெலும்பு முறிந்து மணப்பட்டிலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். கூச்சத்தில் என்னைத் தவிர யாரையும் தொடவிடமாட்டார். நானும் முகம் சுளிக்காமல் செய்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன இந்த வேலய வுட்டு எங்கயும் மாத்தக்கூடாதுன்னு மேடம்கிட்ட கண்டிசனா சொல்லிட்டேன்மா. உன்ன மாரி யாரு செய்வா?"

மேட்ரனிடம் ஓடினேன். "நர்ஸுக்கு வேற பொண்ண போட்டுட்டேன். பேஷண்டுங்க எல்லாம் உன்னத்தான் கேக்குறாங்க. நீ போயிட்டா இத யாரு செய்வா?" என்றார் சிரித்துக்கொண்டே.

இன்றும் அதே வார்டுதான். கொஞ்சம் அலட்சியமாக இருந்து பார்க்கலாமா என்று தோன்றும், மனசு வராது. யாராவது என்னைப் புகழ ஆரம்பித்தால் மட்டும், "மேடம்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிவிடுகிறேன்.