ஆமைக்குச் சம்பந்தம் பேசப் போன கதை

ஆண் துணை இல்லாமல் பெண் ஆமை முட்டையிடாது என்று ஐம்பத்திரண்டு வயது வரை உறுதியாக நம்பியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டியதுதான் பிசகு.

எங்கள் வீடு சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் இருக்கிறது. அங்கே ஒன்பது வருடமாக ஓர் ஆமை வளர்கிறது. காதோரம் சிவப்புக் கோடு போட்ட, செல்லப்பிராணிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் தண்ணீர் ஆமைதான். ஒரு வெள்ளிக் காசு அகலத்தில் வந்தவள் இப்போது சப்பாத்தி அகலம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொந்தக்காரர்கள் எச்சரித்தார்கள். ஆமை வருவதற்கு முன்பும் நாங்கள் அப்படியொன்றும் உருப்பட்டுவிடவில்லை என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

போன மார்ச் மாதம் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். நாள் முழுக்கக் கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஏறுவதும் சறுக்கி விழுவதும், பின்னங்காலால் பிறாண்டுவதுமாக இருந்தாள். நான்காம் நாள் என் மனைவி அவளைத் தூக்கி, பின்னங்காலுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள்.

"உள்ள கட்டி கட்டியா இருக்கு. முட்டைதான்னு நெனைக்கிறேன்."

"ஆம்பளையே இல்லாத வீட்டுல முட்டை எப்படி வரும்?"

"ஆம்பளையே இல்லாத வீடா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு டிசம்பர் ஞாபகம் வந்தது. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஆமையை இரண்டு வாரம் எதிர்வீட்டில் விட்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவனும் ஓர் ஆமை வைத்திருக்கிறான். இரண்டும் ஒரே தொட்டியில்! பெண்ணைப் பெற்றவனின் கோபம் உச்சிக்கு ஏறியது. சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நியாயம் கேட்கப் போகிறவன் பனியனோடு போக முடியாது.

விஷயத்தைச் சொன்னதும் அவன் கதவை அகலத் திறந்தான். "வாங்க சம்பந்தி! முன்னாடியே சொல்லியிருந்தா கேசரி கிண்டி வச்சிருப்பேன்ல?"

"விளையாடாத. உன் ஆமைதான் காரணம்."

அவன் நிதானமாகத் தன் ஆமையை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே திருப்பிக் காட்டினான். "நல்லா பாரு. நகம் குட்டை, வால் குட்டை. இதுவும் பொண்ணுதான் லா. ஆம்பளைக்கு முன்னங்கால் நகம் நீட்டமா இருக்கும். வேற எங்கயாவது போய் மாப்பிள்ளையைத் தேடு."

பின்னாலேயே வந்திருந்த மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தினமும் காலையில ரெண்டு முட்டை முழுங்குறீங்களே, என்னைக்காவது சேவல் யாருன்னு கேட்டிருக்கீங்களா?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆமையை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே படத்தில் ஓட்டுக்குள் ஏழு முட்டைகள், பெரிய மாத்திரைகளைப் போலத் தெரிந்தன. மருத்துவர் ஓர் இளம் சீனப் பெண். ஆண் இல்லாவிட்டாலும் முட்டை வரும், ஆனால் பொரிக்காது என்றார். பொரிப்பது இருக்கட்டும், முதலில் அவை வெளியே வரவேண்டும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் ஆமை முட்டையை அடக்கிக்கொள்ளுமாம். அப்படியே அடக்கினால் உயிருக்கு ஆபத்து. ஐந்து நாள் பார்க்கலாம், அதற்குள் இடாவிட்டால் ஊசி, ஊசிக்கும் கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை.

வழக்கமாக எதை விரும்பித் தின்பாள் என்று மருத்துவர் கேட்டார். பப்பாளி என்றேன். கொடுத்துப் பார்த்தீர்களா என்றார். இல்லை என்றேன். ஏன் என்றார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பப்பாளி ஆகாதே, முட்டை என்று கேள்விப்பட்ட நிமிடமே ஒளித்து வைத்துவிட்டேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. மருத்துவர் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

தீவின் வடக்கே கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணைக்குப் போய் இரண்டு மூட்டை மணல் வாங்கினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து டாக்சி பிடித்தேன். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஒரு பெரிய தொட்டி வைத்து, ஈர மணலை ஒரு முழத்துக்குக் கொட்டி, அவளை இறக்கிவிட்டேன். மருத்துவர் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. தனியாக விடுங்கள், மேலே நின்று பார்க்காதீர்கள் என்றிருந்தார்.

பார்க்காமல் எப்படி இருப்பது? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். காய்ந்த சட்டையை எடுக்கப் போவதுபோலப் பார்த்தேன். காயாத சட்டையையும் எடுத்தேன். ஒருமுறை ஊதுபத்திகூட ஏற்றினேன், மனைவி அணைத்துவிட்டாள். நான் தலையை நீட்டும்போதெல்லாம் ஆமை தோண்டுவதை நிறுத்திக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று நாளில் நான்கு அரைகுறைக் குழிகள் இருந்தன. முட்டை ஒன்றுகூட இல்லை. பப்பாளித் துண்டும் தொடப்படாமல் காய்ந்து கிடந்தது. நான் அறுவை சிகிச்சைக்கு எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தேன்.

நான்காம் நாள் சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டதும் மனைவி குடையையும் என் செருப்பையும் எடுத்து வாசலில் வைத்தாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"எங்கயாவது. பிரசவம் நடக்குற இடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"நீங்க இங்கயே நிக்கிறதாலதான் ஒண்ணும் ஆகல. நான் கூப்பிடுற வரைக்கும் வராதீங்க."

கீழே காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்று தேநீர் குடித்தேன். கடைக்காரர் உடம்புக்கு ஏதாவது முடியலையா என்று விசாரித்தார். வீட்டில் பிரசவம் என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

நான் இல்லாத இரண்டு மணி நேரத்தில் அவள் ஒரே குழியில் ஆறு முட்டை இட்டு மூடியிருந்தாள். ஏழாவது, மறுநாள் காலையில் தண்ணீரில் கிடந்தது. எதுவும் பொரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள்.