சகாதேவனுக்கு ஒரு கிண்ணம் சாஸ்

தையல்நாயகிக்கு சாஸ் என்றால் ஒன்றுதான் தெரியும். மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் நூடுல்ஸ் வாங்கினால் தட்டோரத்தில் பிழிந்து தருவார்களே, அந்தச் சிவப்புச் சமாச்சாரம். பழத்தில் சாஸ் காய்ச்சுவார்கள், அதைக் கஸ்டர்டின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், பணக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பியிருப்பாள். இந்தப் பங்குனியில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிண்ணம் பப்பாளி சாஸை நம்பித்தான் அவள் புருஷனின் உயிர் இருந்தது.

புருஷன் பெயர் சகாதேவன். முப்பது வருஷம் உப்பளத்தில் பாத்தி மிதித்தவன், மூட்டை தூக்கியவன். வெயிலுக்கும் உப்புக்கும் அசராத ஆள், கன்னத்தில் அடக்கிய புகையிலையிடம் தோற்றுப்போனான். நாக்கின் அடியில் புற்று. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்துமூன்று நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு ஊரில் அதுதான் பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை பஸ்ஸில் இருவரும் கூனிமேடு வழியாகப் போய் மத்தியானம் திரும்புவார்கள். முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா கரண்ட் என்று அவன் பஸ்ஸில் ஜோக்கடித்துக்கொண்டு வந்தான். பதினைந்தாம் நாள் வாயெல்லாம் வெந்துபோனது. இருபதாம் நாள் எச்சில் வற்றி, ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குவதற்குள் கண் கலங்கியது.

ஐம்பத்தெட்டு கிலோ ஆள் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டான். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க, முகத்துக்கு அளவெடுத்த ஒரு வலை மூடியைப் போட்டு மேஜையோடு பூட்டுவார்கள். ஆள் இளைத்தால் மூடி தொளதொளத்துவிடும். நாற்பதுக்குக் கீழே போனால் நிறுத்திவிட்டுப் புதிதாக அளவெடுக்க வேண்டும், உடம்பு தேறும்வரை காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் நோய் மறுபடி தலைதூக்கினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கே பிடுங்கி எறிந்தான். மறுபடி போட வந்த நர்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆகவே எதுவானாலும் வாய் வழியாகத்தான் போக வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள் கரண்ட் பாக்கி இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் பெண் கீதாஞ்சலி. சின்ன வயசு, பொறுமைசாலி. எடை நாற்பத்தொன்று காட்டிய திங்கட்கிழமை அவள்தான் தையல்நாயகியை உட்காரவைத்து விளக்கினாள். பாலும் முட்டையும் போட்ட கஸ்டர்ட் வழுக்கிக்கொண்டு இறங்கும். மேலே பழ சாஸ் ஊற்றினால் இன்னும் சுலபமாக இறங்கும், சர்க்கரைச் சத்தும் சேரும். மாம்பழம், ஆரஞ்சு, அன்னாசி கூடாது. பப்பாளி, சப்போட்டா நல்லது. காரம், புளிப்பு, உப்பு மூன்றும் கிட்டேயே வரக்கூடாது. தையல்நாயகி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இனிப்புப் பண்டத்தில் யார் போய் உப்புப் போடப்போகிறார்கள் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும்மா," என்றாள் கீதாஞ்சலி. "அவருக்கு நாக்கு ருசி மாறும். உப்பு கரிக்குது, கசக்குதுன்னு சொல்லுவாரு. கேட்டுட்டுக் கொடுக்கறத நிறுத்திடாதீங்க."

தையல்நாயகி இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

சாஸ் காய்ச்சக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டு ஜான்சி. கடலோர ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் சமையல் உதவி அவள். அங்கே ஐஸ்கிரீம் மேல் ஊற்ற வாளி வாளியாகக் காய்ச்சுகிறவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. நன்றாகக் கனிந்த பப்பாளியைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டு போட்டு, அரை டம்ளர் தண்ணீரும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்துச் சின்னத் தீயில் வை, குழைந்ததும் மசித்து டீ வடிகட்டியில் வடி, ஆறவிடு, அவ்வளவுதான் என்றாள். வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடினாள்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். தையல்நாயகி முதல் தடவை அளத்துப் பழக்கத்தில், மேலே ஏடு படியட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பாத்தியில் தண்ணீர் உப்பாக மாறுவதற்கு அப்படித்தான் காத்திருப்பாள். பப்பாளி அல்வாவாகி அடிபிடித்தது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. கரண்டியை முதுகுப்பக்கம் திருப்பினால் பூசியது போல் நின்று மெல்ல வழிந்தது, நல்ல நிறம், நல்ல வாசனை. நக்கிப் பார்த்தாள். வாய்க்கு வக்கணையாக இருந்தது. ஜான்சி வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து, கஸ்டர்ட் மேல் ஊற்றி, எவர்சில்வர் கிண்ணத்தில் அவன் கட்டிலருகே எடுத்துக்கொண்டு போனாள்.

சகாதேவன் ஒரு ஸ்பூன் விழுங்கினான். முகம் கோணிப்போனது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான்.

"உப்பு," என்றான்.

அவள் பயப்படவில்லை. படித்த பெண் முன்கூட்டியே சொன்னதுதானே. அது நோய் பேசுகிற பேச்சு, உள்ளே இருப்பது பப்பாளியும் சர்க்கரையும்தான் என்று விளக்கி அடுத்த ஸ்பூனை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை நாலு ஸ்பூன் போனது. புதன்கிழமை இரண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் உப்பு என்றான், அவள் இல்லை என்றாள். கெஞ்சினாள். கிளியனூரில் கட்டிக்கொடுத்த மகள், பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பேரனைத் தூக்க வேண்டாமா என்று கேட்டாள். திட்டினாள். புகையிலை போடும்போது மட்டும் இந்த வாய் வலிக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு தோட்டத்துப் பக்கம் போய் அழுதாள். புதன்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் செய்தாள், அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் தாடையைக் கையால் பிடித்து, பிள்ளைக்கு மருந்து ஊற்றுவது போல் இரண்டு ஸ்பூன் ஊற்றி, விழுங்கும்வரை விடாமல் பிடித்திருந்தாள். அவன் எதிர்க்கவில்லை. எதிர்க்கத் தெம்பில்லை.

வியாழக்கிழமை அவன் வாயை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவள் அவனை அளத்துக் குடோனுக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் உட்காரவைத்தாள். முள் நாற்பதைத் தாண்டி ஒரு கோடு மட்டும் தள்ளி நின்றது. அதே தராசில் ஐம்பது கிலோ மூட்டைகளை ஒரு நாளைக்கு நூறு ஏற்றியவன் அவன். ஒரு மூட்டை கனத்துக்குக்கூடத் தன் புருஷன் தேறவில்லை என்பதை அவள் நின்று பார்த்தாள். குடோனில் இருந்தவர்கள் பார்க்காதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மனிதர்கள் சில நேரம் நல்லவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜான்சிக்கு லீவு. பப்பாளி சரிப்படவில்லை என்று கேள்விப்பட்டுச் சப்போட்டா வாங்கிக்கொண்டு வந்தாள். தையல்நாயகி பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள், நாற்பதுக்குக் கீழே இறங்கினால் கதை முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தை ஏற்றினாள். பழத்துண்டுகளைப் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள். சர்க்கரை டப்பாவை எடுக்கத் திரும்பும்போதே அவள் இடது கை தானாக அடுப்புப் பக்கம் நீண்டது, அங்கிருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போனது, பாத்திரத்தின் மேல் விரிந்தது.

"அக்கா," என்றாள் ஜான்சி. "அது இன்னா போட்டீங்க?"

"இன்னா போட்டேன்?"

"உப்பு போட்டீங்களே."

தையல்நாயகி தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியில் கல் உப்பின் பொடி ஒட்டியிருந்தது.

அளத்துக் குடும்பங்களில் இது வழக்கம். சோறோ, குழம்போ, பாயசமோ, அடுப்பில் எது ஏறினாலும் முதலில் நாலு கல் உப்பு விழ வேண்டும். படியளக்கிற பொருளுக்கு முதல் மரியாதை. பத்து வயதில் அடுப்பைத் தொட்ட நாளிலிருந்து அவள் அப்படித்தான் செய்கிறாள். மூச்சு விடுவதைக் கவனிக்கிறோமா? அவள் கை உப்புப் போடுவதை அவள் கவனித்ததே இல்லை. நக்கிப் பார்த்தபோதும் தெரியவில்லை. உப்பிலேயே ஊறிய நாக்குக்கு நாலு கல் எந்த மூலைக்கு? ஜான்சி வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள், அவள் கண்ணுக்குத்தான் அது பட்டது. உப்பு, உப்பு என்று ஸ்பூனுக்கு ஸ்பூன் சொன்னவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். வெந்த புண்ணில் உப்பை ஊற்றி, வாயைப் பிடித்து விழுங்கவைத்தவள் அவள்.

அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. ஜான்சிதான் அணைத்தாள். தையல்நாயகி தரையில் உட்கார்ந்து, அந்த இடது கையை வலது கையால் அடித்தாள். ஜான்சி பிடித்து நிறுத்தும்வரை அடித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நாந்தான் மாமா உப்பு போட்டேன். நீ சொன்னது நெசம். தெரியாம போட்டுட்டேன்."

 பேசுவதே சகாதேவனுக்கு வலி. அவன் பாதத்தில் வெடிப்புகள் ஆழமாக ஓடின, முப்பது வருஷம் உப்புத் தண்ணீர் அறுத்த வெடிப்புகள்.

"உப்ப நாக்காலயா தெரிஞ்சிக்கிறோம் தையலு," என்றான், ஒவ்வொரு சொல்லாக. "புண்ணுக்குத் தெரியும்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று ஜான்சி உப்பு டப்பாவைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டாள். புதிதாகச் சப்போட்டா சாஸ் காய்ச்சியபோது தையல்நாயகி இடது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் கிளறினாள். ஜான்சி அதை ஒரு வாய் ருசி பார்த்துத் தித்திப்பு என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனாள். சகாதேவன் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் ஸ்பூனை நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான். விழுங்கினான்.

"எரியுதா மாமா?"

இல்லை என்று தலையாட்டினான். "இனிக்குது," என்றான்.

அன்று ஆறு ஸ்பூன் போனது. சனிக்கிழமை ஒரு கிண்ணம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் இனிக்குது என்றான், ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சிலிருந்து கல் ஒன்று இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, உங்கப்பாவுக்கு நாக்கு திரும்பிடுச்சு என்று சொன்னாள். அந்த வாரத்தில் அவள் குரலில் சந்தோஷம் ஏறியது அப்போதுதான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தராசு நாற்பது கிலோ நூறு கிராம் காட்டியது. முகமூடியைப் போட்டுப் பார்த்தார்கள், பொருந்தியது. அவனைக் கரண்ட் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். தையல்நாயகி நடையில் கீதாஞ்சலியைப் பிடித்து நிறுத்தி, நாலு கல் உப்புக் கதையைச் சொல்லி அழுதாள். கீதாஞ்சலி அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். ருசியைப் பற்றித் தானும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டாள்.

"இப்ப நல்லாயிட்டாரும்மா," என்றாள் தையல்நாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மூணு நாளா இனிக்குது இனிக்குதுன்னு சொல்லி சாப்பிடறாரு."

 கீதாஞ்சலிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை போலிருக்கிறது.

"இருபத்தஞ்சு நாள் கரண்ட் வெச்சாச்சும்மா," என்றாள். "இந்த நெலமையில நாக்குக்கு எந்த ருசியும் தெரியாது. இனிப்பு தெரிய இன்னும் மூணு நாலு மாசம் ஆவும். இப்ப எது விழுங்கினாலும் அவருக்கு வலி மட்டுந்தான்."

கதவு திறந்தது. வலை மூடியின் கட்டம் கட்டமான தடம் முகத்தில் பதிந்திருக்க, சகாதேவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் துண்டை எடுத்து அவன் கழுத்தில் வெயில் படாமல் சுற்றிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தாள். வீடு வந்து சேரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், சொன்ன பிறகு அவளால் ஊட்ட முடியாது, ஊட்டாவிட்டால் நாற்பது நிற்காது. இன்னும் ஏழு நாள் இருந்தது.

அன்று சாயங்காலமும் காய்ச்சினாள். கஸ்டர்ட் மேல் ஊற்றி, கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் ஸ்பூனை அவன் வாயில் வைத்தாள். அவன் விழுங்கினான். கழுத்து நரம்பு புடைத்துத் தணிந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சிரிக்க முயன்றான்.

"இனிக்குது தையலு," என்றான்.

"சர்க்கர கொஞ்சம் தூக்கலாதான் போட்டேன் மாமா," என்று சொல்லி, அவள் அடுத்த ஸ்பூனை நீட்டினாள்.