ஆற்றில் வந்த பானைகள்

அன்று, பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், எங்கள் பலசரக்குக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: சாமான் இறக்கி அடுக்கும் நான், கல்லாவில் இருக்கும் அக்கா, பொங்கல் பானைக்குச் சொல்லிவைத்துவிட்டு அடிக்கடி வந்து விசாரிக்கும் ஒரு அம்மா, மத்தியானம் றோல்ஸ் வாங்க வந்த லொறிக்காரத் தம்பி. போன வருடம், தைப்பொங்கலுக்கு முந்தின வாரம். முதலாளி கனடாவில் இருந்தார். பேத்தி பிறந்து அப்போதுதான் முதன்முதலாக அவளைப் பார்க்கப் போயிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்புத்தான் குறைவு, பயத்துக்குக் குறைவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மெத்ரோ ரயிலுக்குப் போனால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என்னிடம்தான், "கொண்டெய்னர் வந்தால் இறக்கிப்போடு, வேறை ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார். உள்ளே பச்சையரிசி, பயறு, சர்க்கரை, முக்கியமாக மண்பானை. பொங்கல் முடிந்து வந்தால் பானையை யார் வாங்குவார்கள்?

கொண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று இப்போது போனிலேயே பார்க்கலாம். நல்ல வசதிதான், ஆனால் என் போன்ற ஆட்களுக்கு இல்லை. சாப்பிடும்போதும் ஒரு கையில் போன்தான். லு ஆவ்ர் துறைமுகத்தில் இறக்கியாயிற்று என்று வந்ததும் மூச்சு விட்டேன். அடுத்தது லொறியில் ஏற்றியதாக வரவேண்டும், எப்போதும் அப்படித்தான் வரும். அன்று காலையில் பார்த்தால், மறுபடியும் கப்பலில் ஏற்றியாயிற்று என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் படம் வேறு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் இயந்திரமே தூக்கி வைக்கிற இடம், மாறித் தூக்கிவிட்டது, எங்கள் பானைகள் கொழும்புக்கே திரும்பிப் போகின்றன என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. நேரே கனடாவுக்கு அடித்து, நித்திரையில் இருந்த மனிசனை எழுப்பிச் சொன்னேன். அவர் நாளை இரவு விமானத்திலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். பேத்தியின் முதலாவது பிறந்தநாள் அதற்கு அடுத்த நாள்.

"ஏனடா, குழந்தையின்ரை பிறந்தநாளையும் குழப்பிப்போட்டியே?" என்றார் அக்கா.

"அப்ப என்ரை பானை கடலிலையோ?" என்றார் அந்த அம்மா.

லொறிக்காரத் தம்பி வாயில் றோல்ஸோடு என் போனை வாங்கிப் பார்த்தான். சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"அண்ணை, இது கடலுக்குப் போற கப்பல் இல்லை. சரக்குப் படகு. செய்ன் ஆத்தாலை, இங்கை பக்கத்திலை இருக்கிற ஜென்விலியே துறைமுகத்துக்கு வருது. எத்தினையோ லொறிச் சாமானை ஒரே படகு கொண்டுவந்திடும். பாக்கப்போனால் நான்தான் அழவேணும், என்ரை ஓட்டமெல்லோ குறையுது!"

ஓம் என்று தலையாட்டினேன், மனம் நம்பவில்லை. முதலாளிக்கு மறுபடி அடித்தேன். "காலமை போயிட்டுதெண்டாய், இப்ப வருகுதெண்டுறாய். நீ கண்ணாலை கண்டு சொல்லு, அப்ப டிக்கெட்டை விடுறன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் அக்காவின் புருஷனைக் கல்லாவில் இருத்திவிட்டு, தம்பியின் காரில் எபினே ஆற்றங்கரைக்குப் போனோம். எதிர்க்கரையில்தான் துறைமுகம். பானைக்குச் சொல்லிவைத்த அம்மாவும் வந்துவிட்டார். குளிர் காதைக் கடித்தது. அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தார். நான் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அன்றிரவு அவர் விமானம் ஏறிவிடுவார்.

கொஞ்ச நேரத்தில் நீளமான ஒரு படகு, முதுகு நிறையக் கொண்டெய்னர்களோடு, அவசரமே இல்லாமல் வந்தது. அக்கா போன் கமெராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். எங்கள் எண் எனக்குப் பாடம். மூன்றாவது பெட்டியில் அக்காவின் குரல் உயர்ந்தது.

"கடைசி ஏழோடா?"

"ஓம் அக்கா, ஏழு!"

"அப்ப உன்ரைதான்ரா!"

துள்ளியதில் தேத்தண்ணீர் முழுவதும் என் சப்பாத்துக்குள். அந்த அம்மா சால்வையைக் கழற்றி வீசி வீசிக் காட்ட, படகில் நின்ற வெள்ளைக்காரர் தொப்பியைத் தூக்கினார், படகு ஹோர்ன் அடித்தது. படகு எதிர்க்கரையில் அணைந்ததும் நான் வீடியோவில் முதலாளியைக் கூப்பிட்டேன். அதற்குள் அங்கே பாரந்தூக்கி எங்கள் பெட்டியைப் பிடித்துவிட்டது.

"மெல்ல, மெல்ல! உள்ளுக்கை பானை!" என்று இந்தக் கரையிலிருந்து அந்த அம்மா பிரெஞ்சுப் பாரந்தூக்கிக்குத் தமிழில் கத்தினார்.

கேட்டதோ என்னவோ, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி அது பெட்டியைத் தரையில் வைத்தது. அக்கா எனக்கு இரண்டாம் கோப்பை ஊற்றி முடிக்கவில்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது. கடையில் அதே சாமானைக் கையால் இறக்க எங்களுக்கு அரை நாள் போகும்.

"கண்டீங்களோ அண்ணை? நீங்கள் அங்கையே நில்லுங்கோ!" என்று கத்தினேன். முதலாளி போனைப் பேத்தி பக்கம் திருப்பினார். அவள் இரண்டே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்து, திரையில் தெரிந்த என் முகத்தைக் கடிக்கப் பார்த்தாள்.

"நிக்கிறன்ரா" என்றார் அவர்.

பானைகள் எல்லாம் பொங்கலுக்கு முதலே விற்றுப் போயின. பயம் என்னை விட்டுப் போகவில்லை, இனிப் போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் மனம் கெட்ட முடிவொன்றைக் கட்டத் தொடங்கும்போதெல்லாம், தூரத்தில் சந்தோஷமாக இருப்பவரை எழுப்புவதற்கு முன் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பதை அந்தக் குழந்தையின் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.