லவோன் வீட்டுப் பரண்

அருவருப்பை ஒரு மனிதர் மரியாதையின் பெயரால் எத்தனை காலம் விழுங்கிக்கொண்டிருக்க முடியும்? லவோன் ஹெக்னெஸின் பக்கத்து வீட்டில் குடியிருந்த காலமெல்லாம் இந்தக் கேள்வி என்னை விட்டதில்லை.

வடக்கே, ஏரிக்கரை ஊரான டுலூத்தில் அந்த அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஏரியை நோக்கிச் சரியும் தெருக்களில், பனி உறைந்த காலைகளில், பின்னிருக்கையில் ஏதாவது ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். லவோன் வண்டியை ஓரங்கட்டி, மரத்தூளைத் தூவி, அள்ளித் துடைத்துவிட்டு, "சரி, இது வேற மாதிரிதான் இருக்கு" என்பார். மறுபடி வண்டி கிளம்பும்.

எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. கெட்டுப்போன மீன், மருமகள் அடித்துக்கொண்ட தலைச்சாயம், போதகரின் மோசமான பிரசங்கம், எல்லாவற்றுக்கும் "வேற மாதிரி"தான். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் தெரியும். காப்பி விஷயமும் அப்படியே. முதல் முறை கேட்டால் வேண்டாம், இரண்டாம் முறையும் வேண்டாம், மூன்றாம் முறை "சரி, அரைக் கோப்பை." முதல் தடவையே கையை நீட்டுபவன் வளர்ப்பு சரியில்லாதவன். இது நாகரிகமா, கோழைத்தனமா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

லவோன் ஓய்வுபெற்ற பிறகு, நுரையீரல் கெட்டுப்போன அவருடைய அக்கா ஆர்டிஸுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஒன்று லவோன் வீட்டு மாடியறை; இல்லையென்றால் முதியோர் இல்லம். "அங்க போறதுக்கு உன் கார் ஷெட்லயே படுத்துக்கறேன்" என்று ஆர்டிஸ் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆனால் மாடியறை குளிர்காலத்தில் மனிதர் படுக்கும் நிலையில் இல்லை. வீட்டுச் சூடெல்லாம் பரண் வழியாகக் கூரைக்குப் போய், பனியை உருக்கி, அந்த நீர் கூரை விளிம்பில் மறுபடி உறைந்து, சுவருக்குள் கசியும். பரணில் புதிதாக வெப்பக்காப்பு நிரப்பியே ஆக வேண்டும்.

கர்ட் ஹக்காலாவை லவோன் அழைத்தார். வீட்டு வேலைகள் எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரன், லவோன் போகும் அதே தேவாலயம், சிறுவனாக லவோனின் பேருந்தில் போனவன். அவன் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவந்தபோது நான் சமையலறையில் இருந்தேன்.

"மேல பழைய வவ்வால் எச்சம் கெடக்கு, லவோன். வவ்வாலெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அள்ளணும்னா பெரிய வேலை. இல்லேன்னா அது மேலயே புதுசை அடிச்சு விட்டுடலாம். யாரு போய்ப் பாக்கப் போறா?"

லவோன் கையிலிருந்த துணியை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். "மேலயேவா? ம்... அது வேற மாதிரில்ல இருக்கும், கர்ட்."

"அப்ப சரி, பாத்துக்கறேன்" என்றான் கர்ட்.

லவோன் கிரேக்கமோ லத்தீனோ பேசவில்லை. இருவரும் ஒரே ஊர்.

இயந்திரம் வந்தது. தடித்த குழாய் வழியாக, வெப்பக்காப்புக்கான சாம்பல்நிறக் காகிதத் துகள் பரணுக்குள் பாய்ந்தது. பழையதை அள்ளினாயா என்று கேட்பது அவனை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். லவோன் கேட்கவில்லை.

ஆர்டிஸ் வந்து சேர்ந்தார். அறை கதகதப்பாக இருந்தது. சில வாரங்களில் நாற்றம் தொடங்கியது. யாராவது வெந்நீரில் குளித்த பிறகு அதிகமாக அடித்தது. "லவோன், உன் வீட்ல ஏதோ செத்துக் கெடக்குடி" என்றார் ஆர்டிஸ். "நான் இல்லே. தொட்டுப் பாத்துட்டேன்." சிரிக்கப் போனவர் இருமத் தொடங்கினார். அந்த இருமல் நிற்கவில்லை. மருத்துவர் அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்.

நானும் லவோனும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பரணில் ஏறினோம். மேலே எல்லாம் பஞ்சு போல, விரித்த படுக்கை போல இருந்தது. லவோன் கையால் விலக்கினார். அடியில் கறுப்பாக, கூழாக, எச்சம். அதில் ஒட்டிக்கொண்டிருந்த தோல் சிறகு ஒன்று விரலோடு வந்தது. குளியலறை ஆவியை வெளியேற்றும் காற்றாடியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அங்கேயே திறந்து கிடந்தது. ஒவ்வொரு குளியலின் ஆவியும் அந்தச் சேற்றை நனைத்து, ஆர்டிஸின் தலைக்கு மேல் ஊறவைத்திருக்கிறது.

லவோன் இறங்கிவந்து வெகுநேரம் கை கழுவினார். பிறகு கர்ட்டை அழைத்தார்.

அவன் வந்து உட்கார்ந்தான். மேசையில் காப்பி இருந்தது. எங்கள் ஊரில் கொலைகாரனுக்கும் காப்பி உண்டு.

"வேற மாதிரின்னுதானே சொன்னீங்க, லவோன்? வேண்டாம்னு சொல்லலையே."

எனக்கு அருவருப்பாக இருந்தது அந்த வாக்கியம்தான், பரண்கூட அல்ல. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். இவன் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிவந்த ஒரு மரியாதைக்குள் புகுந்து ஒளிந்துகொண்டான்.

லவோன் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாங் கிளாஸ்ல என் பஸ்ல வாந்தி எடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"அதை ஏன் இப்ப..."

"நான் அதைத் துடைச்சேன், கர்ட். மேல ஒரு பாயை விரிச்சுட்டுப் போகல." பிறகு, நான் அவர் வாயில் அதுவரை கேட்டிராத ஒரு சொல்: "அசிங்கம்."

கர்ட் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. "வேற ஆள் வெச்சுக்கறீங்களா?" என்றான்.

"இல்லே. நீயேதான் அள்ளணும்."

ஆர்டிஸைக் கீழே தன் படுக்கையறைக்கு மாற்றி, மாடிக் கதவிடுக்கை எல்லாம் ஒட்டி அடைத்தார் லவோன். கர்ட் முகமூடி போட்டுக்கொண்டு மண்டியிட்டு அள்ளினான். ஏணியடியில் நின்று ஒவ்வொரு மூட்டையையும் லவோன் திறந்து பார்த்துவிட்டே அனுப்பினார். பலகை தெரியும்வரை சுரண்டி, குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய், புதிதாக நிரப்பினான். குறை சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்கு மேல் சொல்லவும் எதுவுமில்லை. ஆர்டிஸ் மாடிக்குத் திரும்பினார். இருமல் மெல்ல மெல்லத் தணிந்தது. முதியோர் இல்லப் பேச்சு நின்றது.

கடைசி நாள் கர்ட் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சமையலறை வாசலில் நின்றான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காப்பிப் பாத்திரம் லவோனின் கையில் இருந்தது, ஆவி பறக்க.

"காப்பி சாப்பிடறியா, கர்ட்?"

"ஐயோ, வேண்டாம் லவோன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான் அவன், எல்லோரும் சொல்வதைப் போலவே. சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பாதி இழுத்துவிட்டான்.

"சரி" என்றார் லவோன். பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டார்.