மிஷின்காரர் மூக்கு

கொடியில் கிடந்த தலையணை உறையை மிஷின்காரர் எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உறையைத் திருப்பி மறுபக்கத்தையும் முகர்ந்தார். "இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதை வாளியில் போட்டார். அன்றைக்கு அது மூன்றாவது உறை.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதால் தெருவில் அவருக்கு மிஷின்காரர் என்று பெயர். நடக்கும்போதுகூடத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்; மெஷின்களுக்குக் காது கொடுத்துக் கொடுத்து வந்த பழக்கம். சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு டெஸ்டர், மனைவியின் மூச்சிரைப்புக்கான நீல இன்ஹேலர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகப் பையைத் தொட்டுப் பார்க்கும். மனைவி இன்ஹேலரோடு தங்கை வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில், வெறும் பையைத் தொட்டுவிட்டு அசடு வழிவார்.

அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேச்சென்றால் அவளுக்கு உயிர். குளிர் மாதங்களில் சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவே வெளியில் நெருப்பு மூட்டி உட்கார்ந்துவிடும். அக்காவுக்குக் கொஞ்சம் புகை பட்டாலும் நெஞ்சு விசிலடிக்கும். அதனால் மூன்று குளிர்காலமாக மூடிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எதற்குச் சிரிக்கிறோம் என்று சாடையில் கேட்பாள். நாங்கள் சாடையில் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போய்விடும்.

இந்த வருடம் அவளை நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தே தீருவது என்று மிஷின்காரர் இறங்கினார். பெரிய பீப்பாய்க்குள் சின்னப் பீப்பாய், நடுவே நாலு விரல் இடைவெளி, அந்த இடைவெளியின் வாயை மூடத் தகரப் பட்டை. வெளிப் பீப்பாயின் அடியில் துளைகள். உள்பீப்பாயின் அடியிலும் மேல் விளிம்போரத்திலும் துளைகள். கீழே நுழைகிற காற்று இடைவெளியில் சூடேறி, மேல் துளைகள் வழியாகப் பாய்ந்து புகையை எரித்துவிடுமாம். "புகைன்னா என்னம்மா? எரியாம தப்பிச்சு ஓடுற வெறகு. வாசல்லயே மடக்கிப் பிடிச்சா தீந்துச்சு" என்று சுவருக்கு மேலாக எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். அக்காவின் தம்பி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, சல்லடை வியாபாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழுது பார்த்த மெஷினைத் துடைத்துப் பளபளப்பாக்காமல் அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம்தான் காலை வாரியது. வேலை முடிந்ததும் பீப்பாய்க்கு அக்காவுக்குப் பிடித்த இளம்பச்சையில் இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தார். அக்கா முக்காலியோடு வந்து உட்கார்ந்தாள். விறகு பிடித்ததும் பெயின்ட் கொப்பளித்தது. கரும்புகை சுருண்டு நேராக அவள் முகத்துக்கு வந்தது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்த அவசரத்தில் மிஷின்காரர் அதைத் தரையில் தவற விட்டார். இரண்டு நாள் அவள் படுக்கையைவிட்டு எழவில்லை.

மூன்றாம் நாள் பீப்பாயைப் பழைய இரும்புக்குப் போட எடுத்தார். அக்கா ஜன்னலை ஒரு சாண் திறந்தாள்.

"ஓட்டை என்னங்க தப்பு பண்ணுச்சு? அடுப்புக்குப் பவுடர் பூசுனது யாரு?"

அவர் பீப்பாயைக் கீழே வைத்தார்.

"குளிர் முடியறதுக்குள்ள ஒரு நாளாவது நான் வெளிய உக்காரணும். சொல்லிட்டேன்" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கம்பிப் பிரஷ்ஷால் நாலு நாள் பெயின்ட்டைச் சுரண்டினார். தெருக்கோடியில் இருந்த காலி இடத்துக்கு உருட்டிப்போய், மிச்ச வாடை தீரும்வரை எரித்தார். அதற்குப் பிறகுதான் தலையணை உறைகள். அக்கா உட்கார்ந்தால் அவள் தலை வரும் உயரத்தில் கொடியை இறக்கிக் கட்டி, வெளுத்த உறையைப் போட்டு, நெருப்பு மூட்டி, அணைந்ததும் முகர்வார். ஈர விறகை ஒதுக்கினார். காய்ந்ததைக் கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்தார். அடித்துளைகளுக்குக் காற்று போதவில்லை என்று பீப்பாயை மூன்று செங்கல்மேல் ஏற்றினார். பன்னிரண்டாம் நாள் "இல்ல" என்றார். நம்பாமல் உறையைச் சுவருக்கு மேல் என்னிடம் நீட்டினார். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

நேற்று வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். அவர் முக்காலியை நெருப்புக்கு எட்டப் போட்டார். அவள் கிட்டே இழுத்தாள். மேல் துளை ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சுடர் எட்டிப் பார்த்தது. தம்பி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தபோதே அக்காவும் சிரித்தாள். மிஷின்காரர் மட்டும் உட்காரவே இல்லை. ஒரு கை சட்டைப் பைமேல் இருந்தது.

விறகு தணலானதும் அக்கா எழுந்து, போர்த்தியிருந்த சால்வையின் நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் பையிலிருந்து கையை எடுத்து, அதை வாங்கி முகர்ந்தார். திருப்பி மறுபக்கத்தையும் முகர்ந்தார். முகர்ந்து முடித்த பிறகும் முகத்தை அதிலிருந்து எடுக்கவில்லை.