பழுப்புப் புல்

போன சனிக்கிழமை காலை த்ரீ கிங்ஸ் மேட்டுச் சரிவில் ஏறி நின்று பார்த்தேன். நாங்கள் பார்த்துப் பார்த்து நட்ட புல்லில் ஒன்றுகூட இல்லை. அவை நின்ற இடமெல்லாம் துடைத்துவிட்டதுபோல் மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் மலர்ந்த முகத்தோடு செல்வராசா அண்ணன்.

"வந்து பாருங்கோ தம்பி. நேற்று முழுக்க நிண்டு துப்புரவாக்கிப் போட்டன்!"

அண்ணன் யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்தவர். இப்போது இந்த நாட்டுக்கு வந்து, பக்கத்து ஊரான ஒடாஹுஹுவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். முதுகு போய்விட்டது. பூங்கா பராமரிப்பு வேலை ஒன்றுக்கு மனு போட்டிருக்கிறார். அதற்கு இந்த நாட்டுக்காரர் ஒருவரின் ரெஃபரன்ஸ் கடிதம் வேண்டுமாம்... வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர் எங்கே போவார்? அதனால்தான் சனிக்கிழமைகளில் இந்தப் பொது நிலத்தைச் சீர்செய்யும் எங்கள் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டேன். குழுவை நடத்தும் மார்கரெட், ஓய்வுபெற்ற டீச்சர், "கொஞ்ச நாள் வேலையைப் பார்த்துவிட்டுக் கடிதம் தருகிறேன்" என்றிருந்தார்.

இந்த மண்ணின் சொந்தப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. ஆனால் சொந்தப் புல் பார்க்கச் சகிக்காது. பழுப்பாக, ஒல்லியாக, செத்ததுபோல் இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எல்லாவற்றையும் மூடும் புல்லோ பச்சைப்பசேலென்று இருக்கும். எது களை என்று எந்த விவசாயிக்குச் சந்தேகம் வரும்?

அண்ணன் பழுப்பையெல்லாம் பிடுங்கிவிட்டார். பச்சையை அப்படியே விட்டுவைத்திருந்தார்.

"மாட்டுக்கு நல்ல தீனியெல்லோ!"

தப்பு அவருடையதா? என்னுடையது. நாங்கள் புல் நட்ட நாளில் அவருக்கு ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை லீவு, என்ன செய்யட்டும் என்று போனில் கேட்டவரிடம், "நம்ம தோட்டம் மாதிரி நெனச்சுக் களை எடுங்க அண்ணே, போதும்" என்று பெரிய மனுஷன்போலச் சொன்னவன் நான். எது களை என்று சொல்லத் தோன்றவில்லை!

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ... நட்டதையோ தம்பி புடுங்கினனான்? இனி அந்தக் கடிதம் கிடைச்ச மாதிரித்தான்."

மார்கரெட் வந்தார். அத்தனையும் அவர் வீட்டுக் கொல்லையில் விதை போட்டு வளர்த்த நாற்று. நான் பழியை ஏற்றுக்கொண்டு ஏதேதோ உளறினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

அண்ணன்தான் முன்னே வந்தார். மரத்தடிக்குப் போய் ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினார்.

"ரூட்... ஆல் ரூட்," என்றார்.

அங்கே எல்லாம் குவிந்திருந்தது. மண்ணைக் கிளறி, வேர் அறாமல் எடுத்து, திரும்ப முளைக்காதபடி நிலத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய களையெடுப்பு. சாக்கு, காற்றில் பறக்காமலிருக்க. மார்கரெட் ஒரு கொத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மண்ணோடு, முழுசாக வேர்.

"சீக்கிரம், தோண்டுங்கள்!" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது; மூன்று மணிவரை அதிலேயே திரும்ப நட்டோம். அண்ணன் வெங்காயம்போல நேர்கோட்டில் நட, "புல் வரிசையில் நிற்காது" என்று மார்கரெட் சிரித்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வெளியிலிருந்து வந்த புல்லைப் பிடுங்கும் இடத்தில், வெளியிலிருந்து வந்த எங்களுக்கு என்ன வேலை என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு எப்போதும் உண்டு. வந்த மண்ணில் எது முன்பே இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலையோ? நான் இத்தனை வருஷம் இருந்தும் கேட்கவில்லை. குழுவில் தெரிந்துகொண்டதை அண்ணனுக்குச் சொல்லவும் இல்லை.

நேற்று மார்கரெட்டின் கடிதம் வந்தது. டைப்ரைட்டரில் அடித்திருந்தார். அண்ணன் என்னிடம் நீட்டி, "என்னெண்டு எழுதியிருக்கிறா? வாசியுங்கோ" என்றார். கடைசி இரண்டு வரியை மட்டும் அவருக்கு இரண்டு தரம் வாசித்தேன்.

"இவர் பிடுங்கினால் ஒரு வேரும் மண்ணில் தங்காது. எதைப் பிடுங்க வேண்டும் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள்."