பென்சிலுக்கு வராத கடிதங்கள்

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பென்சில். ஆளும் அப்படித்தான் இருப்பான், கையில் எப்போதும் இருந்ததும் அதுதான். இப்போது குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறான். நான் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பவன். எதைப் பற்றியும் தெரிந்த மாதிரி பேசுவது என் கூடப்பிறந்த வியாதி.

"என் படமெல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்டா. சாதாரணமா இருந்தா போதும்" என்றான்.

"ரெண்டு நாள் வேலை" என்றேன். ஆறு வாரம் ஆனது. படங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியது அவன் மனைவி. பக்கம் திறந்ததும் ஒரு பென்சில் ஊர்ந்து வந்து அவன் பெயரை எழுத வேண்டும் என்று நான் மூன்று வாரம் மெனக்கெட்டேன். "அது எழுதி முடிக்கிறதுக்குள்ள பார்க்க வந்தவங்க போயிடுவாங்களே அண்ணா" என்றாள். "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்றேன். மறுநாள் சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டேன்.

தளம் வெளியாகி ஒரு மாதம் ஆகியும் ஒருவர்கூட எழுதவில்லை. "ஒண்ணுமே வரலையேடா" என்று பென்சில் போன் செய்தான். தளத்தில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் செய்ததாயிற்றே.

"உன் கலர் ரொம்ப மங்கலா இருக்குடா. பார்த்தவுடனே பளிச்னு கண்ணுல அடிக்கணும்" என்று அவனுக்கு ஒரு மணி நேரம் ஓவியப் பாடம் எடுத்தேன். நேராக ஒரு கோடு போட எனக்கு ஸ்கேல் வேண்டும். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் வேறொரு வேலைக்காக, சோதனைக்கென்று வைத்திருக்கும் என் மின்னஞ்சலைத் திறந்தேன். பதினோரு கடிதங்கள். எல்லாம் பென்சிலுக்கு வந்தவை. தளத்தில் செய்தி அனுப்புகிற கட்டத்தைச் சோதித்தபோது என் முகவரியைப் போட்ட நான், பிறகு அவனுடையதை மாற்றிப் போடவே இல்லை. ஒரு பதிப்பகத்து அம்மா எழுதியிருந்தார்: "உங்கள் மங்கலான நீலம்தான் எங்கள் கதைக்கு வேண்டும்."

போனில் சொல்ல வாய் வராமல் நேரில் போனேன். மேசை முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும். நடுவில் கண் கூசும் மஞ்சளில் ஒரு யானை.

"நீ சொன்ன மாதிரி மாத்திட்டிருக்கேன். சரியா வருதா பாரு" என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அவன் பிரஷ்ஷைக் கழுவினான், துடைத்தான், மறுபடியும் கழுவினான். திட்டு வாங்கத் தயாராகப் போனவனுக்கு அது கிடைக்காததுதான் கஷ்டமாக இருந்தது. அவன் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, அந்தக் கட்டத்தை எடுத்துட்டு இவர் போன் நம்பரைப் போட்டுடுங்க. அது முடியும்ல?"

முடிந்தது. பதினோரு பேருக்கும் அவன் அன்றே பதில் எழுதினான். தாமதத்துக்கு என் பெயரைச் சொல்லிவிடு என்றேன். "வேண்டாம்டா, உன் பொழப்பு கெடும்" என்றான். இரண்டு பேர் அதற்குள் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள், எட்டுப் பேரிடமிருந்து பதில் வரவில்லை. பதிப்பகத்து அம்மா மட்டும் காத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தைத்தான் இப்போது வரைகிறான். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் என்னிடம் காட்டுகிறான். "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாக்கு ரொம்ப அரித்தால், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.